இன்னும் ஒரு வாரம்

ஜூலை 3

அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. இரண்டு வருஷமாக எடுக்கவில்லை. ஆனால் கடிதம் என்றால் பிரித்துப் பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது. சின்ன வயதில் எனக்கு வந்த கடிதங்களையே நீதான் முதலில் பிரிப்பாய்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். பத்தொன்பது நாளாக வயிற்றுப்போக்கு. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, சில நாள் இருபது. வெறும் தண்ணீராகப் போகிறது. ரத்தம் இல்லை, காய்ச்சலும் பெரிதாக இல்லை. ஒன்பது கிலோ இறங்கிவிட்டேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டே வந்தேன், இப்போது பெல்ட்டுக்கே வேலை இல்லை. ஆஸ்பத்திரி அங்கிக்கு நாடாதான்.

நீ முதலில் என்ன கேட்பாய் என்று தெரியும். உன் கிட்னி நன்றாக இருக்கிறது. கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியது, டிரிப் போட்டதும் இறங்கிவிட்டது. இந்த ஐந்து வருஷத்தில் ஒரு வேளை மாத்திரையைக்கூட நான் தவறவிட்டதில்லை. கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுத்த மூன்று மாத்திரையும் மணி அடித்தாற்போல உள்ளே போகின்றன.

மலப் பரிசோதனை நான்கு தடவை ஆயிற்று. நான்கிலும் "ஒட்டுண்ணி எதுவும் காணப்படவில்லை" என்றே வருகிறது. டாக்டர் தலையைச் சொறிகிறார். இருபத்தாறு வருஷமாக ஊரார் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நீ. இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? என் பொண்டாட்டிதான், "அண்ணிக்கு எழுதுங்க. கௌரவம் பாக்குற நேரமா இது?" என்றாள்.

அன்றைக்குப் பேசியது தப்புதான்.

தம்பி


ஜூலை 7

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. போனும் செய்யப்போவதில்லை. போனில் என்றால் கத்துவேன், எழுதினால் யோசித்துத் திட்டலாம்.

"அன்றைக்குப் பேசியது தப்புதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். என்ன பேசினாய் என்று நான் எழுதுகிறேன், படி. உன் வீட்டுச் சமையலறையில் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து அப்படியே குடித்தாய். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. டம்ளரைத் தட்டிவிட்டேன். நீ உன் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தையே நான் காலால் எட்டி உதைத்ததுபோலக் குதித்தாய். "இது நான் குளோரின் போட்ட தண்ணி. ஊரே குடிக்குது. ஒரு கிட்னி குடுத்துட்டா என் வாய்க்கும் நீதான் வாட்ச்மேனா?" என்றாய். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரைக்கும்கூட நீ வரவில்லை.

சரி, வேலையைப் பேசுவோம்.

உனக்குச் சாதாரண ஸ்லைடுதான் பார்த்திருக்கிறார்கள். அதில் தெரியாத ஒட்டுண்ணிகள் உண்டு. அதில் ஒன்றை லேபில் கிரிப்டோ என்போம். ரத்தச் சிவப்பணுவைவிடக் கொஞ்சம் சின்னது. தனிச் சாயம் போட்டால்தான் கண்ணில் படும். அந்தச் சாயம் போடச் சொல்லி டாக்டர் ஃபார்மில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் யாரும் போடமாட்டார்கள். நானும் போடமாட்டேன். எங்கள் லேபுக்கு ஒரு நாளைக்கு எண்பது டப்பா வருகிறது. "காணப்படவில்லை" என்று நாங்கள் எழுதினால் இல்லை என்று அர்த்தமில்லை. தேடிய விதத்தில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நல்ல உடம்புக்காரனுக்கு இது வந்தால் பத்து நாள், பதினைந்து நாள் ஓட விட்டுவிட்டுத் தானாகப் போய்விடும். உன்னைப் போல எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருக்கிறவனுக்குப் போகாது. குடலில் கூடு கட்டி உட்கார்ந்துகொள்ளும்.

டாக்டரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. கிரிப்டோவுக்கான சாயம் என்று எழுதச் சொல். மூன்று நாள், மூன்று சாம்பிள். எடுத்த அரை மணிக்குள் லேபுக்குப் போக வேண்டும். உன் மனைவியை நேரே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல். வார்டு ஆள் எடுத்துக்கொண்டு போகிறேன் என்பான், வழியில் டீ குடிப்பான்.

எங்கே என்ன குடித்தாய் என்று யோசித்து எழுது. உண்மையை எழுது.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

நீ சொன்னதேதான். முதல் சாம்பிளிலேயே மாட்டிக்கொண்டது. லேப்காரர் என்னைக் கூப்பிட்டு ஸ்லைடைக் காட்டினார். நீலத்தில் சிவப்புச் சிவப்பாக உருண்டைகள். எண்ணி முடியாது. இதையா இத்தனை நாள் வயிற்றில் வைத்துச் சாப்பாடு போட்டேன் என்று இருந்தது. டாக்டர் உன்னைப் பற்றி விசாரித்தார். "எங்க அக்கா, லேபுல இருக்கா, கொஞ்சம் கோபக்காரி" என்றேன்.

இப்போது சங்கடம் என்னவென்றால், இதற்கு ஒரு மாத்திரை இருக்கிறதாம். ஆனால் என்னைப் போன்ற உடம்பில் அது தனியாக நின்று பெரிதாக ஒன்றும் செய்யாதாம். உடம்பும் கூடச் சேர்ந்து சண்டை போட வேண்டும். அதற்கு என் மூன்று மாத்திரையில் ஒன்றை நிறுத்திவிட்டு இன்னொன்றைப் பாதியாகக் குறைக்கலாம் என்கிறார். "குறைத்தால் கிட்னி?" என்று கேட்டேன். உடம்பு விழித்துக்கொண்டால் கிருமியோடு நிற்காது, கிட்னியையும் அந்நியன் என்று அடிக்க வாய்ப்பு உண்டு, மெதுவாகக் குறைத்துக் கண்காணிக்கலாம் என்றார். கையெழுத்துக் கேட்டார்.

போடவில்லை. உன் விலாவைக் கிழித்து எடுத்ததை ஒரு வயிற்றுப்போக்குக்காகப் பலி கொடுப்பேனா? அந்த மாத்திரையை மட்டும் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ என்ன சொல்கிறாய்?

என்ன குடித்தேன் என்று கேட்டாயே. ஜூன் முதல் வாரம் பஸ் ஸ்டாண்டில் ஜூஸ் குடித்தேன். ஐஸ் போட்டிருந்தான். அதுதான்.

பக்கத்து அறையில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தவர். அவருக்கும் இப்போது இதே சாயம் போட்டுப் பார்த்தார்கள், இதே உருண்டை. அறை கழுவும்போது எங்கள் இரண்டு பேரையும் வராந்தா பெஞ்சில் உட்கார வைப்பார்கள். "நம்ம ரெண்டு பேருக்கும் ஓட்டப்பந்தயம், பாத்ரூம்தான் எல்லைக்கோடு" என்பார். உன் கடிதத்தால்தான் தனக்கும் வியாதிக்குப் பெயர் தெரிந்தது என்று உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

தம்பி


ஜூலை 17

தம்பிக்கு,

ஜூஸ் என்று எழுதியிருக்கிறாய். படித்துச் சிரித்தேன், சந்தோஷத்தில் இல்லை. அந்தத் தையல்காரம்மாவும் பஸ் ஸ்டாண்டில் ஜூஸ் குடித்தாரா? மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டிலேயே கிடந்த பெண்மணி. அவர் எந்தத் தெரு என்று கேட்டாயா? உன் நிலையத்துத் தண்ணீர் போகிற தெருவா?

இதையும் கேட்டுக்கொள். கிரிப்டோ குளோரினுக்குச் சாகாது. நீ இரண்டு மடங்கு போட்டாலும் அது குளித்துவிட்டு எழுந்து வரும். கொதிக்க வைத்தால் சாகும், இல்லாவிட்டால் மணல் வடிகட்டியில் பிடிபட வேண்டும். உன் வடிகட்டி ஒழுங்காக இருக்கிறதா?

மாத்திரையைக் குறைப்பதைப் பற்றிக் கேட்டாய். லேபில் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். கிருமி மாத்திரை ஆரம்பித்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் பலன் தெரியாது. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி மூன்று சாம்பிள் எடுத்து, உருண்டைகள் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. டாக்டர்களுக்கு எப்போதும் அவசரம்.

உப்புச் சர்க்கரைக் கரைசலை விடாதே. காய்ச்சிய தண்ணீரில் கரைக்கச் சொல்.

அக்கா


ஜூலை 24, 25, 26

அக்காவுக்கு,

ஒரே மூச்சில் எழுத முடியவில்லை. மூன்று நாளாக விட்டு விட்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எடை முப்பத்தொன்பது.

நீ சொன்னபடி ஒரு வாரம் பொறுத்தேன். டாக்டர் தினம் வந்து கேட்டார். "அக்கா சொல்லியிருக்கா" என்றே பதில் சொன்னேன். மறுபடி எடுத்த சாம்பிளில் உருண்டைகள் குறையவில்லை.

தையல்காரம்மா செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டார். நர்ஸ் கதவைச் சாத்தினாள். வழக்கமாகத் திறந்தே வைக்கிற கதவு. அறையைக் கழுவினார்கள், நான் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் தெருவை நான் முன்னாலேயே கேட்டிருந்தேன். நீ கேட்பதற்கு முன்னாலேயே. எங்கள் தண்ணீர் போகிற தெருதான்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? எங்கள் நிலையத்தில் இரண்டு மணல் படுகை. மே மாதம் ஒன்றைத் தோண்டிப் போட்டார்கள், புது மணல் வரவே இல்லை. ஜூன் மழையில் ஆற்றுத் தண்ணீர் சேறாக வந்தது. இருந்த ஒரு படுகையும் அடைத்துக்கொண்டது. அதைக் கழுவிச் சரிசெய்ய சப்ளையை நிறுத்த வேண்டும். ஒரு நாள் நிறுத்தினேன், சனம் குடத்தோடு கேட்டுக்கு வந்து நின்றது. நான் மாற்று வால்வைத் திறந்துவிட்டேன். படுகைக்குள் போகாமல், தொட்டியில் மண் அடங்கிய தண்ணீர் நேராக ஊருக்குப் போயிற்று. குளோரினை இரண்டு மடங்காக்கினேன். பதினோரு நாள். ரிஜிஸ்டரில் கலங்கல் அளவை வழக்கமான எண்ணாகவே எழுதினேன்.

கூட இருந்த ஃபிட்டர் ஆறாம் தேதி கேட்டான், "சார், இதைக் குடிக்கலாமா?" எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அவன் முன்னாலேயே ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்துக் காட்டினேன். "பாத்தியா, எனக்கு என்ன ஆச்சு?" என்றேன். அடுத்த வாரம் எனக்கு ஆரம்பித்தது. இதைத் தெரிந்துகொண்டேதான் உனக்கு ஜூஸ் என்று எழுதினேன். வெட்கமாக இருந்தது.

டாக்டர் இன்றைக்கு உட்கார்ந்து பேசினார். இனிமேல் குறைத்தால் போதாது, இரண்டு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டும் என்கிறார். கிருமி பித்தநாளத்துக்கு ஏறுவதற்கு அறிகுறி தெரிகிறதாம். நிறுத்தாவிட்டால் ஆள் இருக்கமாட்டான் என்று என் மனைவியிடம் வெளியே வைத்துச் சொல்லியிருக்கிறார். அவள் அழுதுகொண்டே உள்ளே வந்ததில் எனக்கும் தெரிந்துவிட்டது.

அக்கா, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது உன்னுடையது. நீ சொல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீ வேண்டாம் என்றாலும் எனக்கு உன் மேல் வருத்தம் இல்லை.

தம்பி


ஜூலை 28

தம்பிக்கு,

நிறுத்து. இன்றைக்கே நிறுத்து. கையெழுத்துப் போடு.

டாக்டருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். ஆனால் என் கையெழுத்தைப் பார்க்காமல் நீ நம்பமாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் இதை முதல் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் மனைவி ஸ்டாண்டில் வாங்கிக்கொள்வாள்.

நான் ஏன் நேரில் வரவில்லை என்று நினைப்பாய். இரண்டு தடவை பையை எடுத்தேன், வைத்தேன். என் முகத்தைப் பார்த்தால் நீ நிறுத்தமாட்டாய்.

நீ மூன்று நாள் உட்கார்ந்து உண்மை எழுதியிருக்கிறாய். நானும் எழுதுகிறேன். "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்" என்று எழுதினேனே, அது லேப் அனுபவம் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உன் மாதிரி ஆட்களுக்கு அந்த மாத்திரை தனியாக நிற்காது என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னது சரி என்று படிக்கும்போதே தெரிந்தது. எனக்கு மனசு வரவில்லை. என் உடம்பிலிருந்து போன ஒன்று எங்கேயோ உயிரோடு இருக்கிறது, இரண்டு வருஷம் உன்னோடு பேசாவிட்டாலும் அது அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு நினைப்பு. அதைச் சாகவிட எனக்கு மனசு வரவில்லை. உன்னைப் பற்றி யோசித்தேனா என்றால், அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. கடிதத்தைக் கூரியரில் போட்டுவிட்டு வந்து சாப்பிட்டேன், தூங்கினேன்.

அந்தப் பதினோரு நாளைப் பற்றி இப்போது திட்டப்போவதில்லை. நீ எழுந்து உட்கார்ந்ததும் உன் மேலதிகாரிக்கு எனக்கு எழுதிய மாதிரியே எழுது, தேதி எண்ணோடு. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் அந்த ஊரில் இன்னும் எத்தனை பேரோ. அவர்களுக்கு யாரும் சாயம் போட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள்.

நீ இரு. அது போனால் போகட்டும்.

அக்கா


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

இது உட்கார்ந்து எழுதுகிற கடிதம். எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

என் மனைவி உனக்குப் போனில் சொல்லியிருப்பாள், ஆனாலும் என் கையால் எழுத வேண்டும். ஜூலை இருபத்தெட்டு மத்தியானம் இரண்டு மாத்திரையும் நின்றது. ஒன்பதாம் நாள் மூத்திரம் குறைந்தது. பன்னிரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றது. இரண்டுக்கும் நடுவில் மூன்று நாள் இருந்தது, அந்த மூன்று நாளும் ஏதாவது நடந்து கிட்னியும் நானும் தப்பிவிடமாட்டோமா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஸ்டீராய்டு ஊசி போட்டால் கிட்னியைப் பிடித்து நிறுத்தலாம், ஆனால் கிருமி மறுபடி தலைதூக்கும் என்றார்கள். போடவில்லை. காய்ச்சலும் வலியும் வந்தன. ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி அதை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கிறீர்களா என்று சர்ஜன் கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு அதை என்ன செய்வார்கள் என்று நர்ஸிடம் கேட்டேன். ஆஸ்பத்திரிக் கழிவோடு எரித்துவிடுவார்கள் என்றாள். பார்த்திருக்க வேண்டும். உனக்காகவாவது ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். இது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு உட்காருகிறேன். எடை நாற்பத்திரண்டு. சாம்பிள் மூன்று தடவை சுத்தமாக வந்துவிட்டது.

தையல்காரம்மாவின் கணவர் ஏதோ சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்னையும் எட்டிப் பார்த்தார். நான் சொன்னேன், வால்வைத் திறந்தது நான்தான் என்று. அவர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். பிறகு, "கடைசி வாரம்கூட வீட்லருந்து நான்தான் தண்ணி புடிச்சுட்டு வந்து குடுத்தேன். ஆஸ்பத்திரி தண்ணி அவளுக்குப் புடிக்காது" என்றார். எழுந்து போகும்போது, "எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போவுது? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க" என்றார். அன்றைக்கே எழுதிவிட்டேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படுகைக்கு மணல் வந்துவிட்டது, ஊருக்கு லாரியில் தண்ணீர் கொடுக்கிறார்கள், காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். ஃபிட்டர் வந்து பார்த்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போனான்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாரத்தை நினைத்து நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. டாக்டரிடம் கேட்டுவிட்டேன். எப்போது குறைத்திருந்தாலும், எப்படிக் குறைத்திருந்தாலும் கிட்னி போயிருக்கும் என்றார். உன் கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

தம்பி


செப்டம்பர் 7

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்தேன். உன்னை நம்பாமல் இல்லை. லேபில் இருந்து இருந்து இரண்டாவது தடவை பார்க்காமல் எதையும் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அவர் நல்ல மனிதர், நிதானமாகச் சொன்னார். ஜூலை பதினான்காம் தேதியே ஒன்றை நிறுத்தி ஒன்றைப் பாதியாக்கியிருந்தால் கிட்னி தங்குவதற்கு நல்ல வாய்ப்பு இருந்ததாம். அப்போது அது கெடவில்லை. அந்த இரண்டு வாரம் உடம்பில் தண்ணீர் வற்றியதில் அது பாதி நைந்துபோயிற்று, மீதியை, மாத்திரைகளை ஒரேயடியாக நிறுத்தியது முடித்துவிட்டது. "இதை உங்க தம்பிகிட்ட விளக்கமாவே சொன்னேனே, அவர் சொல்லலையா?" என்று கேட்டார். சொன்னான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அதைக் காப்பாற்றத்தான் ஒரு வாரம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில்தான் அது போயிருக்கிறது. உன்னையும் எலும்பாக்கிவிட்டு. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. லேபில் உட்கார்ந்து எண்பது டப்பாவையும் பார்த்து முடித்தேன். புற்றுநோய் வார்டிலிருந்து வந்த ஆறு டப்பாவுக்கு யாரும் ஃபார்மில் எழுதாமலே சாயம் போட்டேன். ஒன்றில் சிவப்பு உருண்டை இருந்தது. போன மாதம் அதே பெண்ணுக்கு "காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். வார்டுக்கு நானே படியேறிப் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு அங்கே மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ரிஜிஸ்டரில் நீ எழுதிய பொய்யை நான் மன்னிக்கப்போவதில்லை, அதை மன்னிக்க நான் யார்? ஜூஸ் பொய்க்கு உன்னை ஓங்கி ஒன்று அறைய வேண்டும், உடம்பு தேறட்டும். கடைசியாக எனக்கு எழுதினாயே ஒன்று, அதைத்தான் என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

சனிக்கிழமை உனக்கு டயாலிசிஸ் நாள் என்று உன் மனைவி சொன்னாள். வருகிறேன். அந்த நாலு மணி நேரமும் பக்கத்தில் உட்காருகிறேன். நான் டாக்டரிடம் பேசியது உனக்குத் தெரியாததுபோல வைத்துக்கொள். எப்படிக் குறைத்திருந்தாலும் போயிருக்கும் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அதை என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொல். நம்பிவிடுகிறேன்.

அக்கா